வலிக்காமல் நீக்குவது எப்படி?

“நீங்க இல்லாட்டி இந்த மாநாடே இல்லண்ணே” என்றார் பல் டாக்டர்.

அட்மின் அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாராவது உண்மையைப் பேசினால் அவருக்குப் பிடிக்கும். அதிலும் இந்த உண்மை என்றால் ரொம்பப் பிடிக்கும்.

கடைசி நோயாளியிடம் வழக்கம்போல் “வலிச்சுதா?” என்று கேட்டு அனுப்பிவிட்டு, டாக்டர் கிளினிக் கதவைச் சாத்தியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இணையக் குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கென்று ஒரு மாநாடு வரப்போகிறது. அதில் என்ன தலைப்பு, யார் பேச்சாளர் என்று முடிவு செய்யும் கமிட்டி இது. கமிட்டிக்காகப் போனில் ஒரு குழுவைத் தொடங்கியவர் டாக்டர். சேர்ந்த மறுநாளே அதற்குத் தலைவரானவர் அண்ணன். இருபதாயிரம் பேர் உள்ள மாடித்தோட்டக் குழுவைக் கட்டி மேய்க்கிறவர் இன்னொருத்தருக்குக் கீழேயா உட்காருவார்?

மற்ற இருவரில் ஒருவர் நர்ஸம்மா; கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு குழு நடத்துகிறவர். இன்னொருவர் அண்ணனின் மச்சான், மனைவியின் தம்பி. மச்சான் எந்தக் குழுவும் நடத்தவில்லை. தான் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஓர் ஆள் வேண்டுமென்று அண்ணனே அழைத்து வந்து, கமிட்டிக் குழுவில் அவரையும் அட்மின் ஆக்கி, குறிப்பெடுக்க உட்கார வைத்திருந்தார். மச்சானும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பேச்சாளர் தேர்வில் சிக்கலே இல்லை. தலைப்பு ஆறு, பேச்சாளர் ஒருவர். செத்துப்போன குழுவுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று பேசப்போவது அண்ணன். வதந்தியை அடக்குவது பற்றியும் அண்ணன். ‘பிறரைப் பேச விடுவதன் அவசியம்’ என்ற தலைப்பிலும் அண்ணன்தான்; அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கேட்டிருந்தார்.

திக்கிப் பேசுகிறவர்களுக்காகக் குழு நடத்தும் ஒரு பெண்ணைக் கூப்பிடலாமே என்று நர்ஸம்மா சொல்லிப் பார்த்தார். அங்கே இதுவரை ஒரு சண்டைகூட வந்ததில்லையாம். மொத்தமே முந்நூறு பேர் என்று கேள்விப்பட்டதும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது குழுவாம்மா? குடும்பம்” என்றார்.

டாக்டர் ஒரு லாரி டிரைவரைச் சொன்னார். எந்த மூலையில் வண்டி பழுதாகி நின்றாலும் அவருடைய குழுவில் ஒரு வார்த்தை போட்டால் போதும், உதவிக்கு ஆள் வந்துவிடுமாம். அதெல்லாம் சரி, மேடையில் அவருக்குப் பேச்சு வருமா என்று கேட்டு அண்ணன் அந்தப் பெயரையும் ஓரங்கட்டினார். மச்சான் தலையாட்டினார்.

அந்த ஆறு உரைகளில் தொடக்க உரையைத்தான் அண்ணன் உயிராக நினைத்திருந்தார். அதற்கென்றே ஒரு கோட்டும் தைத்தாகிவிட்டது. தெருவில் சொல்லாத வீடு பாக்கியில்லை. அது கைநழுவிப் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

நல்ல வேளை, அன்றைக்கு அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. தலைவர் பதவியெல்லாம் அவருக்கு ரொம்பச் சின்னது, இனிமேல் அவர்தான் மாநாட்டின் நிரந்தர கௌரவ ஆலோசகர் என்று டாக்டர் அறிவித்தார். நர்ஸம்மா கைதட்டினார். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று அண்ணன் கேட்கவில்லை. முன்னால் இரண்டு அடைமொழி இருந்தது, போதாதா?

“ஒரே ஒரு தலைப்புதான் எங்களுக்குப் பிடிபடலண்ணே” என்றார் டாக்டர். “தொல்லை பண்ற உறுப்பினரை வலிக்காம நீக்குறது எப்படி? நீங்க கொஞ்சம் சொல்லிக்குடுத்தா கத்துக்குவோம்.”

கேட்கவா வேண்டும்! அண்ணன் போனை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். கேட்க மூன்று பேர் இருந்தால் அவருக்கு அது மேடை.

மாடித்தோட்டக் குழுவில் ஓர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் விடிந்தால் போதும், ரோஜாப் படமாக அனுப்பித் தள்ளுவாராம். சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. அண்ணன் அவரை வீட்டுக்கே கூப்பிட்டாராம். இப்படி ஒரு ரோஜாவைப் பார்த்ததே இல்லை என்று ஒரே புகழ். ‘மலர்ப் பிரிவுக் காவலர்’ என்று ஒரு பட்டமும் கொடுத்தாயிற்று. மனிதர் பூரித்துப்போய் உரம் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“தனக்குப் பிடிச்சதைப் பேசுறவன் போனைப் பார்க்கவே மாட்டான். அப்பதான் தூக்கணும்” என்றார் அண்ணன். “அதையும் நாம செய்யக் கூடாது. அவரோட மருமகனை விட்டே பட்டனை அமுக்க வச்சேன். வெளியாள் செஞ்சா கோபம்தான் வரும், சண்டைக்கு வருவான். சொந்தக்காரன் செஞ்சா அவமானம். வெளியே மூச்சு விடமாட்டான்.”

டாக்டர் ஆகா ஆகா என்றார். அண்ணன் இன்னும் இரண்டு மூன்று கதைகளை எடுத்துவிட்டார். அவருடைய டீ ஆறி ஆடை கட்டியது. ஒருவழியாக உட்கார்ந்ததும், இத்தனை நல்ல விஷயத்தைக் கமிட்டிக் குழுவிலும் பதிந்துவைக்கலாமே என்று போனைத் திருப்பினார்.

திரையில் ஒரே வரி. ‘மச்சான் உங்களை நீக்கினார்.’

அண்ணன் மெதுவாக நிமிர்ந்தார். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிச்சுதாண்ணே?” என்று கேட்டார் பல் டாக்டர்.