வால் கம்பி

நாகேஸ்வரன் தான் செய்த இரட்டை இறக்கை விமான மாதிரியைத் துணியில் சுற்றினான். இன்று விமானப்படைத் தேர்வில் அதை இயக்கிக் காட்ட வேண்டும்.

"இடது மிதியை அமுக்கினா வால் இடது பக்கம் திரும்பணும், அப்பா. மாறித் திரும்பினா ஆளைத் திருப்பி அனுப்பிடுவா."

"நேத்தே எல்லாம் பார்த்துட்டியோல்லியோ, கிளம்பு" என்றார் அனந்தநாராயணன்.

பிள்ளை வலியசாலைத் தெரு முனை திரும்பியதும் மனைவி பகவதி கேட்டாள். "ஏன்னா, இன்னும் ஏன் தெருவையே பார்த்துண்டு நிக்கறேள்?"

"சர்க்காரையும் ரெண்டு கம்பியையும் நம்பிப் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்புவேனோ? அவன் சாப்பிடறச்சே மிதியிலேர்ந்து வாலுக்குப் போற கம்பி ரெண்டையும் இடம் மாத்திக் கட்டிட்டேன். மத்தியானம் வந்துடுவான்."

பகவதி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடி, அவன் குளிக்கறச்சயே நான் மாத்திக் கட்டிட்டேனே. நீங்க திரும்பச் சரியாக்கிட்டேள்."