ஒன்பதாவதும் பத்தாவதும்

"அம்மா, அப்பா வர்றதுக்குள்ள வீடு சரியாயிடுமா?"

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டே மகள் கேட்ட கேள்வி அது. இன்று கல்லூரி வராந்தாவில் காத்திருக்கும்போது அந்தச் சின்னக் குரல் கூப்பிடாமலே வந்து அம்மாவின் காதோரம் நின்றது.

உட்கார முடியாமல் எழுந்தாள். நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"அந்த ஜிப் உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? விட்டுடேன்," என்றார் கணவர். பேருந்து ஓட்டுநர். லீவு போட்டுவிட்டு, சீருடைக்குப் பதிலாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. அந்த ரெண்டு வருஷத்தைப் பத்திக் கேட்டா என்ன சொல்றது?"

"கேட்கட்டும். பாப்பா பார்த்துப்பா."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றாள் மகள். "இன்டர்வியூ எனக்கு. வேர்க்கறது உங்களுக்கு."

வேர்க்காமல் என்ன செய்யும்? இந்தக் கல்லூரி கடைசி வருட மார்க்கை மட்டும் பார்த்து இடம் தருவதில்லை. ஒன்பதாவதிலிருந்து நான்கு வருடத்தையும் வரிசையாக வைத்துப் பார்க்கும். மகளுக்கு முதல் இரண்டு வருடமும் அதல பாதாளம்.

அதற்குப் பிறகு விழுந்து விழுந்து படித்தாள். கோட்டைவிட்ட பரீட்சைகளை விடுமுறையில் மறுபடி எழுதினாள். கணக்கு டீச்சர் ஒரு பைசா வாங்காமல் சனிக்கிழமைகளில் கூடவே உட்கார்ந்தார். மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள். மார்க் மளமளவென்று ஏறியது. ஆனால் பழைய பள்ளம் பள்ளமாகவே கிடந்தது.

மூவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி, அவர்தான் முதல்வர். பக்கத்தில் கண்ணாடி போட்ட பேராசிரியர்.

"கடைசி ரெண்டு வருஷம் இவ்வளவு நல்லா பண்ணியிருக்கியே, அதுக்கு முன்னாடி என்னம்மா ஆச்சு?" என்றார் முதல்வர்.

"படிக்கல மேடம். என் தப்புதான்."

"காரணம் ஏதாவது இருந்தா சொல்லு. அதையும் கணக்குல எடுத்துப்போம். இல்லேன்னா இந்த மார்க்குக்கு இடம் தர்றது கஷ்டம்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா தரையைப் பார்த்தாள். ஆண்டவனே என்று மனசுக்குள் கூப்பிட்டாளே தவிர, என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அவ சொல்ல மாட்டா மேடம். அப்ப வீட்ல குடி. நான்தான். வீடு வீடாவே இல்ல. சமையல், துணி, எல்லாம் இவ தலையில. புஸ்தகத்தைத் தொட எங்க நேரம்?"

"அப்பா..."

"நீ சும்மா இரு பாப்பா. இப்ப சுத்தமா விட்டாச்சு மேடம்."

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"பஸ் டிரைவருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

"நடுவுல சஸ்பெண்ட், கிஸ்பெண்ட் ஏதாவது?"

"சேச்சே. ஒரு தடவைகூடக் கிடையாது." பழக்கதோஷத்தில் பெருமை முந்திக்கொண்டது.

"எங்க அண்ணனும் டிரைவர்தான். டிப்போவுல தினமும் மெஷின்ல ஊதிக் காட்டினாத்தான் சாவியையே கண்ணுல காட்டுவாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தாங்க?"

அப்பாவின் காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

"காலையிலேர்ந்து இந்த மாதிரிக் கதை நிறையக் கேட்டாச்சு," என்றார் பேராசிரியர். "பெத்தவங்களே பொய் சொன்னா பிள்ளைங்க எதைக் கத்துக்கும்?"

முதல்வர் பேனாவை மூடினார். "நீங்க போகலாம். பார்த்துச் சொல்றோம்."

அந்தக் குரலிலேயே பதில் இருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் மகளின் கண் நிறைந்துவிட்டது. "உங்களை யாருப்பா பேசச் சொன்னது?"

"வாயில வந்துடுச்சு. பொய் சொல்றதுக்கும் ஒரு ட்ரெயினிங் வேணும்போல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வா, முகத்தைக் கழுவு. கீழே போய் ஒரு டீ குடிப்போம். உங்கம்மா வேற காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றாள் அம்மா. "பின்னாடியே வரேன்."

படியிறங்கும் செருப்புச் சத்தம் தேயும்வரை நின்றாள். கால்கள் அந்தச் சத்தத்தோடு போகத்தான் துடித்தன. அவற்றை மட்டும் முதல்வர் அறைப் பக்கம் திருப்பிவிடும்படி ஆண்டவனைக் கேட்டாள். இந்தத் தடவை என்ன கேட்பதென்று தெரிந்திருந்தது.

உள்ளே பேராசிரியரின் நாற்காலி காலியாக இருந்தது. முதல்வர் மட்டும் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னம்மா?"

அம்மா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"அந்தக் கதை பொய்யில்ல மேடம்," என்றாள். "குடிச்சது நான்."