தேதி மாற்றும் வேலை

"எப்படிம்மா ரெண்டாவது இடத்துக்குப் போச்சு?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் திட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாது என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுவோமோ என்று பயம். எட்டு வருஷமாக அவருடைய வீட்டுக்குறிப்பு இணையதளத்துக்கு எழுதித் தள்ளியவள். எழுத்துக்கார அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இப்போது புதிதாக எதுவும் எழுதுவதில்லை. பழைய போஸ்ட்களைத் தூசி தட்டி, கூகுளில் யாராவது தேடினால் முதலில் வந்து நிற்கும்படி செய்வதுதான் வேலை.

"கையைச் சுட்டுக்கிட்டா என்ன செய்யணும்னு தேடினா ஆறு வருஷமா நாமதான் முதல்ல. இப்போ எவரோ ஒரு டாக்டர் முன்னாடி நிக்கிறார். நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"மாசாமாசம் தேதியை மாத்தினேன் சார்."

"அப்புறம்?"

"தலைப்புல வருஷத்தை மாத்தினேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். உள்ளே இருக்கறதுல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னார்தான். போன வருஷம் அந்த போஸ்ட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு இதே மேஜைக்கு வந்தாள்.

"சுட்ட இடத்துல பற்பசை தடவச் சொல்லி எழுதியிருக்கேன் சார். அது தப்பு. குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டணும். கீழே கமெண்ட்ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க பாருங்க, பேஸ்ட் தடவி, குழந்தை கையில புண்ணு பெரிசாகிடுச்சாம்."

"அந்தப் பக்கத்துல ஓடறது என்ன விளம்பரம்?"

"பற்பசை விளம்பரம் சார்."

"தெரியுதில்ல? தேதியை மட்டும் மாத்து."

அந்த போஸ்ட்டை எழுதியதும் அவளேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், யாரோ சொல்லக் கேட்டதை, எந்த டாக்டரையும் விசாரிக்காமல் பத்து நிமிஷத்தில் தட்டிவிட்டது. அந்த அம்மா எழுதிய நாலு வரியும் அவளுக்கு மனப்பாடம். மறக்க முயற்சி செய்தும் மறக்கவில்லை.

"இங்கே பாரு." முதலாளி திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்த டாக்டரோட போஸ்ட் பதினோரு வருஷப் பழசு. கூகுள்ல ஒன்பதாவது பக்கத்துல சீந்துவாரில்லாமக் கிடந்தது. யாரோ உட்கார்ந்து வரிக்கு வரி புதுசாக்கியிருக்காங்க. படம் போட்டிருக்காங்க. பெத்தவங்க பதறிப்போய் என்னென்ன கேப்பாங்கன்னு யோசிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதியிருக்காங்க. இதுக்குப் பேர்தான் வேலை! நீயும் இருக்கியே, வருஷத்தை மாத்திட்டுக் கொட்டாவி விடறே."

கொட்டாவி என்றதுமே அவளுக்கு ஒன்று வந்து தொலைத்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

காலையில்தான் வீட்டுக்காரரிடமும் பாட்டு வாங்கியிருந்தாள். "லீவு நாள்லகூட லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழறே. அந்த ஆபீஸ்ல அப்படி என்ன வாரிக் கொடுக்கறாங்க?"

"இந்த மாசத்தோட நீ நின்னுக்கோ," என்றார் முதலாளி. "உன் இடத்துக்கு அந்த ஆளையே கூட்டிட்டு வரப்போறேன்."

வீட்டில் நிலையாக வரும் சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

முதலாளி அதற்குள் டாக்டருக்கே போன் போட்டுவிட்டார். அவளும் கேட்டுத் திருந்தட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

"டாக்டர், உங்க தீக்காய போஸ்ட் பிரமாதம். யார் செஞ்சு கொடுத்தது?"

"ஒரு அம்மா சார். அவங்களாவே கூப்பிட்டு, உங்க போஸ்ட்டைப் புதுப்பிச்சுத் தரட்டுமான்னு கேட்டாங்க. பைசா வாங்கலை. பேரையும் சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

"சும்மாவா செஞ்சாங்க?"

"முன்னாடி எங்கேயோ தப்பா ஒண்ணு எழுதிட்டாங்களாம். அது மனசை அறுக்குதுன்னாங்க. ரெண்டு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம உட்கார்ந்து செஞ்சாங்க."

முதலாளி போனை வைத்தார். பெருமூச்சு விட்டார்.

"கேட்டியா? அப்படி ஒரு ஆள் நம்ம ஆபீஸ்ல இருந்தா, நான் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்தப்போறேன்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, எட்டு வருஷத்தில் முதல்தடவையாக, அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"நம்ம ஆபீஸ்லதான் இருக்காங்க சார்," என்றாள். "மத்த ஆறு நாளும் நீங்க தேதியை மட்டும் மாத்தச் சொல்லிடறீங்க. ஞாயித்துக்கிழமைதான் அவங்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்குது."