மகாராணி மேல் ஒரு புகார்

"இந்தா, உன் மகாராணி. இனிமே ஒருநாள்கூட இதை என் வீட்டுல வெச்சுக்க முடியாது."

கூடையை வாசலில் வைத்துவிட்டுத் தம்பி சொன்னான். மாடிப்படி ஏறி வந்த மூச்சுகூட இன்னும் அடங்கவில்லை. கூடைக்குள் பூனை ஈனசுரத்தில் கத்தியது.

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். "என்னடா பண்ணுச்சு அது?"

"என்ன பண்ணலைன்னு கேளு. மணல் பெட்டியைத் தவிர எல்லா இடத்துலயும் ஒண்ணுக்குப் போகுது. சோபா, மெத்தை, என் ஆபீஸ் பை. நேத்து துவைச்சு மடிச்ச துணி மேலயே போயிடுச்சு. வீட்டுக்குள்ள நுழைஞ்சா மூக்கைப் பொத்திக்க வேண்டியிருக்கு."

பின்னால் நின்ற அவன் மனைவி, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

பூனை அவர்களுடைய அம்மாவினுடையது. அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவும் அக்காவும் பூனையுமாக இருந்த வீடு இது. "உன் பசங்க ஆசைப்படுதுங்க, நீயே எடுத்துட்டுப் போடா" என்று அக்காதான் அதைத் தம்பியோடு அனுப்பிவைத்தாள். அதைத்தான் துரை இப்போது கடையில் வாங்கிய சட்டை மாதிரி திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். நல்ல பிள்ளை!

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன்."

"யூரின் டெஸ்ட் எடுத்தாரா? உள்ள கல்லு இருந்தாலும் இப்படிப் போகும். பெட்டியில போறப்ப வலிச்சா, பெட்டிதான் வலிக்க வைக்குதுன்னு நினைச்சுக்கும்."

"எடுத்தாரு, எடுத்தாரு. எல்லாம் நார்மல்."

"ரத்தம் வருதா? சொட்டுச் சொட்டா போகுதா?"

தம்பி திருதிருவென்று விழித்தான். "அதையெல்லாம் யாரு உட்கார்ந்து பார்க்கிறது?"

"பார்க்கணும்டா! ஊர்ல இருக்கிறவங்க மூத்திரத்தை எல்லாம் டெஸ்ட் பண்ணியே தலை நரைச்சவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?"

உண்மைதான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் அவள். அவளிடம் போய் இந்த விஷயத்தில் வாயைக் கொடுக்கலாமா?

"பெட்டியை எங்கே வெச்சிருக்கே?"

"வாஷிங் மெஷின் பக்கத்துல."

"அட அறிவுக்கொழுந்தே! அது கடகடன்னு ஆடறப்ப எந்தப் பூனை அங்கே போய் நிம்மதியா உட்காரும்?"

"இடத்தை மாத்தியாச்சுக்கா. மணலை மாத்தியாச்சு. இன்னொரு பெட்டியும் வெச்சாச்சு. வினிகர் ஊத்தித் துடைச்சுத் துடைச்சு இவ கையே வெந்துபோச்சு. நீ வெச்சுக்கலைன்னா சொல்லு, போற வழியில காப்பகத்துல விட்டுட்டுப் போறேன்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"காப்பகமா? அம்மா மடியிலயே வளர்ந்ததுடா அது! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

தம்பி அவள் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தான். ஜன்னலோர நாற்காலியில்தான் அம்மா உட்கார்ந்திருப்பாள். அக்கா வேலை முடிந்து வந்ததும், "உன் மகாராணி இன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். திரையைக் கிழித்தது, பாலைத் தட்டிவிட்டது என்று புகார் நீளும். அக்கா பூனைக்காக வக்காலத்து வாங்குவாள். எதிர்வீடு வரைக்கும் சிரிப்புக் கேட்கும். என்ன மாதிரி நாட்கள் அவை! இப்போது அந்த நாற்காலியில் ஒரு போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது.

சின்ன வயதில் வீட்டில் மழைக்கோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "எனக்கு நனையத்தான்டா பிடிக்கும்" என்று அதை அவனுக்கு மாட்டிவிட்டு நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனவள் அக்கா. அவளுக்கு மழை என்றாலே ஆகாது என்று அம்மா சொல்லித்தான் பிற்பாடு அவனுக்குத் தெரிந்தது.

"கொண்டா இங்கே!" அக்கா கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போய் உன் சோபாவைக் கட்டிக்கிட்டு அழு. அம்மா இருந்திருந்தா உன்னை இன்னிக்கு உரிச்சிருப்பா."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தம்பியும் மனைவியும் படியிறங்கினார்கள்.

சில வாரங்கள் கழித்து அக்கா போன் பண்ணினாள். அதுவரை கோபத்தில் அவள் பேசவே இல்லை.

"என்னக்கா, மகாராணி எப்படி இருக்கா?"

"அதை ஏன் கேக்கறே! நீ சொன்னது சரிதான்டா. பெட்டிப் பக்கமே எட்டிப் பார்க்கிறதில்லை. நேத்து என் தலையணை, இன்னிக்கு மிதியடி. துடைச்சே இடுப்பு ஒடியுது."

புகார்தான். ஆனால் குரல் கணீரென்று இருந்தது. அம்மா போனதிலிருந்து அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை.

"பாவம்க்கா நீ. நான் வேணும்னா வந்து திரும்ப எடுத்துக்கறேன். பசங்களும் தேடுதுங்க."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" அக்கா பதறிப்போனாள். "உன் பொண்டாட்டி பட்டது போதும். இந்தக் கஷ்டம் என்னோட போகட்டும். நீ இந்தப் பக்கம் கூடையைத் தூக்கிக்கிட்டு வந்துடாதே, சொல்லிட்டேன். வெச்சுடறேன், அடுப்புல பால் இருக்கு."

போனை வைத்துவிட்டு அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, அண்ணி என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"மகாராணி பெட்டியிலேயே போறதில்லையாம். வீடு பூரா நாசமாம்."

மனைவி இடுப்பில் கைவைத்து அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்ல தம்பி, நல்ல அக்கா! இங்கே ஒருநாள்கூடப் பெட்டியை விட்டு வெளியே போகாத பூனை, அங்கே போய்க் கெட்டுப்போச்சாக்கும்?"