கோட்டுக்கு மேல் ஒரு விரல்

எஞ்சினியர் மகளின் காலணிகளை அழுக்குத் துணிப் பைக்குள் திணித்து, பையை அடுக்குக் கட்டிலுக்கு அடியில் காலாலேயே தள்ளினார். மகள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்தது.

பொழுதுபோக்குப் பூங்காவை ஒட்டிய முகாம் அது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருபது மரக் கேபின்கள். ஏழாவது கேபினில் நேற்றுதான் வந்து இறங்கியிருந்தார்கள்: அவர், மனைவி, பதினொரு வயது மகள், மனைவியின் தம்பி.

ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ராட்சத ரயில், ரோலர் கோஸ்டர். காலை ஒன்பது மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது டக் டக்கென்று உச்சிக்கு ஏறுவதும், அடுத்து கூட்டமாக ஓர் அலறலும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வோர் அலறலுக்கும் எஞ்சினியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரயில் கீழே வந்து நின்ற பிறகுதான் திறந்தார்.

"பாருடா உங்க அத்தானை. சத்தத்துக்கே இப்படி வேர்த்து ஊத்துது," என்று மனைவி சிரித்தாள். "பேருக்குத்தான் எஞ்சினியர். மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைப் பார்க்கக்கூட நான்தான் ஏணியில ஏறணும்."

ரயிலில் ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வாசலில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று வந்ததும் வராததுமாக மகள் அதில் முதுகை ஒட்டி நின்று அளந்துவிட்டாள். காலணியோடு நின்றால் கோட்டுக்கு மேல் ஒரு விரல், கழற்றினால் கீழே ஒரு விரல்.

"அம்மா, என் ஷூவைக் காணோம்!"

"போனா போகுது விடும்மா," என்றார் எஞ்சினியர். "நாம படகு ஓட்டலாம்."

"படகெல்லாம் பாப்பாங்களுக்குப்பா!"

மழை வரும்போலிருக்கிறது என்றார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தார்.

"காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடல. எதை வெச்சு வலிக்குதாம்?" என்றாள் மனைவி. "போன மாசம் ஆபீஸ் வேலையா இங்க வந்துட்டு, ஆகா ஓகோன்னு வந்து சொன்னது யாரு?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னேன்."

மைத்துனன் ஒரு யோசனையோடு எழுந்தான். "அக்கா, உன் ஹீல்ஸைப் போட்டுவிடு. ஒரு விரல் என்ன, நாலு விரல் மேல நிப்பா."

எஞ்சினியர் பாய்ந்து போய் வாசலை மறித்துக்கொண்டார். "ஏறக் கூடாதுன்னா கூடாது! யாராவது வெளிய கால் வெச்சீங்க..." என்று கத்தினார். பெண்ணிடம் அவர் இப்படிக் கத்தியதே இல்லை. அவள் உதடு பிதுங்கியது.

"உங்களுக்குப் பயம்னா எல்லாருக்குமா பயம்?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமாதானம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மைத்துனனும் பின்னால் போனான்.

எஞ்சினியர் வாசற்படியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதிசயமாக, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசினாள். எப்போதும் பேசாத அளவுக்கு அன்பாகப் பேசினாள். இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தொண்டை வரை வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "கோவிச்சுக்கக் கூடாது."

"நானும் ஒண்ணு சொல்லணும், நீங்களும் கோவிச்சுக்கக் கூடாது. உங்களைப் பேச்சுல பிடிச்சு வெச்சுக்கன்னு தம்பி சொன்னான். பாப்பா என் ஹீல்ஸை மாட்டிக்கிட்டு, ரெண்டு பேரும் பின்வாசல் வழியாப் போய் அரை மணி நேரமாச்சு."

எஞ்சினியர் செருப்பில்லாமல் ஓடினார். கேபின்களுக்கு நடுவே கட்டியிருந்த துணிக்கொடியில் மாட்டி, யாருடைய ஈரத் துண்டையோ தோளில் சுமந்துகொண்டு ஓடினார். இந்த வயதில் இவ்வளவு வேகம் அவருக்கே புதிது. "யோவ், வரிசையில வாய்யா!" என்ற ஏச்சுகளைக் காதில் வாங்காமல், கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து மேடைக்கு வந்து சேர்ந்தார்.

முதல் பெட்டியில், மடிக்குக் குறுக்கே இரும்புத் தண்டு இறங்கியிருக்க, மைத்துனன் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கோபமெல்லாம் மறந்து கையை ஆட்டினாள்.

"நிறுத்துப்பா! என் பொண்ணை இறக்கிவிடு!"

பச்சைப் பொத்தானில் விரலை வைத்திருந்த ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தான். தினமும் இப்படிப் பத்து அப்பாக்களைப் பார்க்கிறவன்.

"பயப்படாதீங்க சார், பாப்பா பத்திரமா வந்துடும்."

"உனக்குத் தெரியாதுப்பா... கையை எடு, உன் காலில வேணாலும் விழறேன்!"

பெட்டிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஆபரேட்டர் தன் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாளைக் காட்டினான்.

"இதோ பாருங்க, பாதுகாப்புச் சான்றிதழ். எனக்கும் இதே வயசுல பொண்ணு இருக்கு சார், இந்தத் தாளை நம்பித்தான் அவளையும் ஏத்தறேன். போன மாசம்தான் ஆபீசர் ஒருத்தர் வந்து, உச்சி வரைக்கும் ஏறி, ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

எஞ்சினியர் அந்தத் தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆபரேட்டரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"அந்த ஆபீசர் நான்தாய்யா... நான் மேல ஏறவே இல்ல!"