வெளிக்கொண்டி

"அன்னைக்கு என்னங்க நடந்துச்சு?"

அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே அம்மாக்கண்ணு இன்றைக்கும் கேட்டாள். அவள் புருஷன் செல்லசாமி அவளையே பார்த்தான். நேற்றுச் சொன்னதெல்லாம் மறுபடியும் மறந்துபோச்சா, பாவி மகளே!

தேயிலைத் தோட்டத்து டொக்டர் லியனார்ட் ஐயா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "புள்ள மண்சரிவுல போன அதிர்ச்சியில உன் சம்சாரத்துக்கு அந்த நாளே மறந்துபோச்சு. கேக்கிறப்பல்லாம் சொல்லு. ஒளிக்காம முழுசாச் சொன்னாத்தான் குணமாகும்."

மருந்து கிடையாது, ஊசி கிடையாது, இதென்ன வைத்தியமோ! ஆனாலும் அவள் தேறவேண்டுமே என்று தினமும் சொன்னான்.

மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள், மலையேறிக் கொழுந்து எடுத்தாள். பிள்ளை எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த மட்டில் தப்பித்தோம் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

அவளுக்குத் துணையிருக்கிறேன் என்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு இவன்தான் லயத்து வீட்டிலேயே கிடந்தான். அவள் மலையில், துணை லயத்தில். நல்ல துணை! பசியில்லை, தூக்கமில்லை, அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

"சொல்லுங்க."

"மார்கழி மாசம். விடியக்காலைலேருந்து அடமழை. பொகவந்தலாவை ரோட்டுல பஸ்ஸே ஓடலை. நம்ம புள்ள வடிவுக்கு இருமல். நனைய வேணாம்னு, ஆயா பாத்துக்கிற புள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோகாம, வீட்டுலயே தூங்க வச்சுட்டுப் பெரட்டுக்குப் போனோம்."

தினமும் இந்த இடத்தில்தான் நிறுத்துவான். மிச்சத்தைக் கேட்டால் இவள் தன் முகத்தில் முழிப்பாளா? இவளும் போய்விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

"அப்புறம்?" இன்றைக்கு அவள் விடவில்லை.

"முழிச்சா புள்ள வெளிய ஓடிருமேன்னு..." கதவைப் பார்த்தான். "வெளிக்கொண்டியப் போட்டேன், அம்மாக்கண்ணு. நாந்தான் போட்டேன். அப்ப இருந்த லயத்து மேல மண்ணு சரிஞ்சப்ப, கதவு மட்டும் திறந்து கிடந்திருந்தா எங்கண்ணு ஓடி வந்திருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பியது. மாதக்கணக்கில் வராத அழுகை. தலையில் அடித்துக்கொண்டு, தரையில் புரண்டு அழுதான். ரொட்டி கருகியது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அம்மாக்கண்ணு அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் நீர் கொட்டியது.

"கிளம்புறப்ப, கொண்டியப் போடுங்கன்னு சொன்னவளே நாந்தானே?"

செல்லசாமி விசும்பலை நிறுத்தி நிமிர்ந்தான். "உனக்கு... எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"டொக்டரய்யா வைத்தியம் பாத்தது எனக்கில்லைங்க, உங்களுக்கு."