பதினோராவது ஊசி

பலவேசம் மாலையைக் கழற்றி ஊசி போடும் மேசைமேல் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையின் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய கட்சி ஆட்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழைக்கு வந்த தடுப்பூசியைத் தனியாருக்குத் தாரை வார்த்தது சென்னைதான் என்பது இவர்கள் பேச்சு. இல்லை, டெல்லிதான் என்று போன வெள்ளிக்கிழமை இதே வாசலில் எதிர்த்தரப்பு கத்திவிட்டுப் போனது. அவர்களுடைய தலைவரும் அன்றைக்குப் பின்வாசல் வழியாக வந்து இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நர்ஸ் பாண்டிமீனா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. கைப்பழக்கம் உள்ள நர்ஸ் சொட்டுச் சிந்தாமல் இழுத்தால் பதினோராவது ஆளுக்கும் தேறும். அந்த ஊசிக்குப் பேர் பதிய வேண்டாம், போனுக்கு மெசேஜும் வராது. வாசலில் நின்று தனியார் ஊசியைத் திட்டுகிறவர்களுக்கு அதைவிடத் தோதாக வேறென்ன வேண்டும்.

இன்றைக்குத் தேறும் அந்த ஊசி அவள் புருஷன் மாரிக்கண்ணனுக்கு என்று டாக்டரே சொல்லியிருந்தார். எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் மருந்து கலந்து கலந்து நுரையீரல் கெட்டுப்போனவன். கொரோனா வந்தால் தாங்க மாட்டான் என்று சொன்னதும் இதே டாக்டர்தான். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வரிசையில் நின்று, 'இருப்பு இல்லை' என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இங்கே வருகிற ஊசியையோ முதலாளிமார் குடும்பங்கள் மொத்தமாகப் பதிந்து வைத்திருக்கின்றன.

காலையிலிருந்து எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

தலைவருக்குப் போட்டுவிடு, உன் வீட்டுக்காரரை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் எந்தத் தலைவர் வருவாரோ.

பாண்டிமீனா முதுகைக் காட்டி நின்று சிரிஞ்சில் ஏற்றினாள்.

"பைய போடு தாயி. எதுலயும் பேரு எழுதிராத. வெளிய இன்னும் ஒரு மணி நேரம் பேசணும்."

போட்டாள். பஞ்சைக் கொடுத்தாள். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாலையை மாட்டிக்கொண்டு, வந்த வழியே வெளியேறினார்.

பாண்டிமீனா எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாரிக்கண்ணன் கையை நீட்டினான். அவன் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து இன்னொரு சிரிஞ்சை எடுத்து, பதினோராவது ஊசியை அவனுக்குப் போட்டாள்.

பலவேசத்தின் உடம்பில் ஏறியது வெறும் சலைன்.

மைக் அலறியது. "இந்த ஆஸ்பத்திரிக்குள்ள ஊசித் திருடர்கள் இருக்கிறார்கள்."

இத்தனை நாள் பேசியதில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பாண்டிமீனாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் மாரிக்கண்ணனின் கையை விடவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஊசி போட்டாகிவிட்டது என்ற தைரியத்தில் பலவேசம் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கி, ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். வேனில் கூட்டி வந்திருந்த பட்டாசு ஆலைப் பெண்கள்.

அவர்களில் ஒருத்திகூட இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.